சொந்தக் காரணங்களால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்தேன். என்னுடையது அல்ல. இந்த வருடத்தில் இது ஆறாவது.

எங்கள் இஸ்திரிப்பெட்டி கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதே இல்லை. எல்லோரும் தாமாகவே 'ரிசைன்' செய்கிறார்கள். மேனேஜர் சிரித்த முகமாய்க் கூப்பிடுவார். நான் கடிதத்தோடு நிற்பேன். ஆள் கையெழுத்துப் போடுவார். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்.' அந்த வரி நான் எழுதியது.

"உங்க பாஷை ரொம்ப மென்மையா இருக்கு மேடம்" என்கிறார் மேனேஜர். கசாப்புக் கத்திக்கு வெல்வெட் உறை.

மார்ச் 5

அகராதியைப் புரட்டினேன். ரிசைன்: தானே விரும்பி வேலையை விடுதல்.

மேனேஜர் பேசுவதோ, "அந்த பேக்கிங் ஆள ரிசைன் பண்ண வெச்சாச்சா?" தானே விரும்ப வைப்பாராம்! படித்த மனுஷன்.

மார்ச் 6

ஏழாவது கடிதம், சோதனைப் பிரிவு அக்காவுக்கு. பதினேழு வருடமாக ஒவ்வொரு பெட்டியையும் சூடேற்றிப் பார்த்து அனுப்புபவர். போன மாதம் ஒயர் உருகிய நாற்பது பெட்டிகளை வெளியே விட மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டார். அதுதான் குற்றம்.

"போடுங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

அக்கா கடிதத்தை முழுசாகப் படித்தார். இதுவரை யாரும் படித்ததில்லை.

"சொந்தக் காரணம்னு இருக்கே, அது என்னது சார்? எனக்கே தெரியலையே. யாரு எழுதினது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். தூ!

மார்ச் 7

"திங்கட்கிழமைக்குள்ள அவங்க கையெழுத்து வரணும். இல்லேன்னா உங்களுக்கும் ஒண்ணு டைப் பண்ணிக்குங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார் மேனேஜர்.

வீட்டில் சொன்னேன். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கெதுக்கு ஊர் வம்பு? வாங்கிக் குடுத்துட்டு வேலையப் பாரு."

இதுதானே ஐயா என் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

ஆறு பேரின் முகமும் மறந்துவிட்டது, கையெழுத்துகள்தான் நினைவிருக்கின்றன. ஒருவர் தன் பேனா எழுதவில்லை என்று என் பேனாவைக் கேட்டார். கொடுத்தேனே! ச்சீ, என்ன பொம்பள நான்?

மார்ச் 10

காலையில் நேரே அக்காவிடம் போனேன். "போடாதீங்கக்கா. போட்டா நீங்களா போனதாயிடும். போடலேன்னா மேனேஜர்தான் காரணம் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பணும்."

"அது தெரியாமலா நிக்கிறேன்? உனக்கு இப்பதான் வாய் தொறக்குது."

வேண்டும் எனக்கு.

பிறகு மேனேஜர் மேஜையில் வேறொரு தாளை வைத்தேன். பணிநீக்கக் கடிதம். எல்லாம் அடித்திருந்தேன், 'காரணம்' என்பதற்கு எதிரே மட்டும் வெற்றிடம். "அத நீங்களே எழுதிடுங்க சார்."

பேனாவைத் திறந்தார். உருகிய ஒயரை எழுத முடியுமா? மூடினார். சிரிப்பு இல்லாமல் அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். இன்னும் கேவலமாக இருந்தது.

மார்ச் 12

அக்கா வேலைக்கு வந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மார்ச் 17

என்னைப் பழைய சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை, வேலை இல்லை, உட்கார நாற்காலிகூட இல்லை. சலித்துப்போய் நானாகவே போய்விடுவேன் என்று கணக்குப் போடுகிறது அந்தச் சிரித்த முகம்.

பதினோரு மணிக்கு அக்கா தன் பிரிவிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். "உக்காருடி. நிக்க வெச்சே தொரத்திடலாம்னு பாக்கறான்."

உட்கார்ந்தேன். ஐந்தரை மணி வரை எழுந்திருக்கவில்லை.