டவுனில் ஒரு சைட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். இதைப் போனில் சொன்னால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதி, துபாய் திரும்பும் உங்கள் சிநேகிதரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நம் முண்டு மிளகாய் வத்தல் வியாபாரத்துக்கு நான் திறந்த வெப்சைட் போன வாரம் மூன்று தடவை நின்றுபோனது. மலிவாக இருக்கிறதே என்று நான் பிடித்த ஹோஸ்டிங் கம்பெனி அப்படி. எரிச்சலில் தங்கச்சிக்குப் போன் போட்டு, "நம்ம சைட்டு டவுனு, நர்கிஸு" என்றேன். அது மாமி காதில் விழுந்துவிட்டது. அவர்களுக்கு சைட்டு என்றால் வீட்டுமனைதானே.

சாயங்காலத்துக்குள் பந்தல்குடி முழுக்கச் சேதி. "எம் மகன் டவுனுல சைட்டு வாங்கிட்டான். மனை வாங்குன மறுமாசம் ஊருக்கே வந்துருவேன்னு சொன்னான்ல?"

நான் விளக்குவதற்குள் மாமி பாத்திஹா ஓதி, தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டார்கள். நானும் ஒரு கை வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். கூப்பிட்டால் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள். "மூணு வருசத்துக்குச் சேத்து எடுத்தா மலிவுக்கா" என்றாள் அங்கே பேசிய பெண். நான் ஒரு வருடத்துக்குத்தான் எடுத்தேன்.

புதுப்பிக்கச் சொல்லி அடுத்த வருடம் அவர்கள் கூப்பிடுவார்கள். அதற்கு உங்கள் பழைய ஊர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அந்த சிம் பீரோவில் இருக்கிறது. ரீசார்ஜ் செய்துகொண்டே வருகிறேன். போனை எடுத்துப் பேச வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
மனை வாங்காத உங்கள் மனைவி