எங்க ஊட்டு உருண்டை

ஆவணி 5, செவ்வாய்

காலையிலேர்ந்து புழுக்கம். மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை.

டூட்டி: பூந்தமல்லி பஸ் நிக்கிற முனை. மாட்டுவண்டி, ஜட்கா, ஆவடி முகாமுக்குப் போற மிலிட்டரி லாரி, எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணணும். வெள்ளைக்கார சார்ஜன்ட் பார்வையிட வரப்போறார்னு ஏட்டு விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டே இருந்தார்.

இன்னைக்கு மானம் போச்சு. வைக்கோல் வண்டி ஒண்ணு நடு ரோட்டுல நின்னுக்கிட்டு நகரவே மாட்டேங்குது. விசிலை எடுத்து ரெண்டு ஊது ஊதினேன். அவ்வளவுதான். எனக்குப் பின்னாடி நின்ன ஆவடி பஸ் கிளம்பிப் போயிடுச்சு!

டிரைவர் நம்ம துலுக்காணம். நான் கண்டக்டரா இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வண்டி. ரெண்டு விசில்னா ‘போலாம்’. காதுல விழுந்ததும் அவனுக்குக் கால் தானா அமுக்கிடுச்சு. ஏற வேண்டிய ஜனம் பூரா கீழ. அவனோட புதுக் கண்டக்டரும் கீழ, வெத்தலை மடிச்சுக்கிட்டு. காலி பஸ் மட்டும் கரிப்புகை விட்டுக்கிட்டு ஜம்முனு போவுது. பின்னாலயே கூடையும் மூட்டையுமா ஜனம் ஓடுது.

சார்ஜன்ட் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சார். ஏட்டு சிரிக்கலை. “யோவ் கண்டக்டரு, ஒனக்கு எவன்யா காக்கி குடுத்தது?”

அங்கேயும் காக்கி, இங்கேயும் காக்கிதாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

சாயங்காலம் துலுக்காணம் வந்தான். “மாமே, ஒன் விசிலு கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? புதுப் பையன் ஊதுனா எனக்குக் காதுலயே உழறதில்ல.” மனசுக்கு ஜில்லுனு இருந்தது.

வாங்க: புளி (பெல்ட் வில்லை தேய்க்க). மண்ணெண்ணெய், கிடைச்சா. ஊட்டுக்காரி கன்னிக்குப் பூ.


ஆவணி 6, புதன்

விடியக்காலம் நல்ல மழை. பரேடு மைதானம் சேறு. ஆனாலும் பரேடு.

பட்டி சுத்துறதுக்கு இன்னைக்கு கன்னி வரலை. முழங்காலுக்குக் கீழ சுத்துற துணி அது. தனியா சுத்தினா தொளதொளன்னு இறங்கிடும். தினம் அவ ஒரு முனையை இழுத்துப் புடிச்சுக்குவா, நான் காலைத் தூக்கி வெச்சு சுத்திக்கிட்டே அவ கிட்ட வருவேன். கிட்ட வந்ததும் ஒரு கிள்ளு வேற கிடைக்கும். இன்னைக்கு அடுப்பங்கரையை விட்டு வெளியவே வரலை. தனியா சுத்தினேன். ‘லெஃப்ட் டேர்ன்’ல வலது கால் பட்டி அவுந்து பாம்பு மாதிரி பின்னாடியே வருது. ஏட்டு கிட்ட இன்னைக்கும் பாட்டு.

கன்னிக்கு என்ன கோவம்னா, தெருவுல யாரும் பேச மாட்டேங்கறாங்களாம். குழாயடியில போய் நின்னா பேச்சு நிக்குதாம். எதிர் ஊட்டு ருக்கு, இவ கல்யாணமாகி வந்ததுலேர்ந்து கூடவே ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவ, அவகூட இப்போ “வேலை கீதுடி”ன்னு உள்ளே போயிடறாளாம்.

எனக்கும் தெரியாம இல்லை. போன வருஷம் வரைக்கும் இந்தத் தெரு என்னைப் பார்த்தா “அண்ணாத்தே, ஒரு எடம் புடிச்சு வையி”ன்னு கூப்பிடும். முருங்கைக்காய்க் கட்டு, மொச்சைக்காய், நசரத்பேட்டை சம்பந்திக்கு சேதி, எல்லாம் என் பஸ்ஸுலதான் போவும். அப்புறம் யுத்தம், பெட்ரோல் இல்லை, முதலாளி பாதி வண்டியை ஷெட்டுல போட்டுட்டார். போலீசுல டெம்பரரிக்கு ஆள் எடுத்தாங்க, வயசை யாரும் பெருசா பார்க்கலை, போயிட்டேன். இப்போ நான் தெருவுல நுழைஞ்சா பீடி அணையுது.

எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு. இதை யார் கிட்டயும் சொல்ல முடியாது, இங்க எழுதிக்கலாம். நடக்கப் புடிச்சிருக்கு. விசில் புடிச்சிருக்கு. போன வாரம் திருமழிசை சந்தையில வழி தப்பின பாட்டியம்மா ஒண்ணை ஊட்டுல கொண்டு போய் விட்டப்போ, அந்தம்மா என் கையை விடவே இல்லை, அதுவும் புடிச்சிருக்கு.

கன்னி சொன்னது: “ஒனக்கென்ன, ஊரெல்லாம் சுத்திகினு கீற. நான் இந்தத் தெருவுலதானே குந்திகினு கீறேன். இப்படியே போனா எங்க ஆத்தா ஊட்டுக்குப் போயிடறேன், ஒன் தொப்பியோட குடித்தனம் பண்ணு.”

பூ வாங்க மறந்துட்டேன். அதுவும் ஒரு குத்தம்.


ஆவணி 8, வெள்ளி

வெயில். லீவு அரை நாள்.

ருக்கு தங்கச்சி கல்யாணம் போன வாரம் நடந்தது. கல்யாண வேலைக்குத் தெருப் பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க. கன்னியைக் கூப்பிடலை. பத்திரிகை மட்டும் வெச்சாங்க. நாங்க போய் மூலையில உட்கார்ந்து சாப்பிட்டு வந்தோம்.

அந்தக் கல்யாண ஊட்டுல பொண்ணோட கம்மல் காணாமப் போயிருக்கு. தலைக்கு எண்ணெய் வெக்கும்போது கழட்டி மாடத்துல வெச்சது. ஒத்தைக் கம்மல். மத்தது இருக்கு. ஊட்டு ஆளுங்க இத்தனை நாளும் மூச்சு விடலை. எனக்கே இன்னைக்கு பெட்டிக்கடையில காதுல விழுந்ததுதான்.

வெளியாள் யாரும் உள்ளே வரலை. அப்போ தெரு ஆளுதான். அதனால பழைய வழக்கத்துக்குப் போயிட்டாங்க. ஞாயிறு விளக்கு வெக்கிற நேரம் செல்லியம்மன் கோயில்ல ஒரு அண்டா வெப்பாங்க. ஊட்டுக்கு ஒரு சாணி உருண்டை. முந்தானையில மூடிக் கொண்டு போய் இருட்டுல போட்டுட்டு வரணும். எல்லாம் வந்ததும் தண்ணி ஊத்திக் கரைப்பாங்க. எடுத்தவங்க உருண்டைக்குள்ள வெச்சுப் போட்டுடுவாங்க. பொருள் கிடைக்கும், பேரு கெடாது. யாருன்னு யாரும் கேக்கறதில்லை, தேடறதில்லை.

தெருவுக்குப் பெரியதனம் பண்ற நாயக்கர் ஊடு ஊடா போய் சொல்லிட்டு வந்தார். எங்க ஊட்டைத் தாண்டிப் போயிட்டார்.

கன்னி வாசல்லயே நின்னு பார்த்திருக்கா. நான் போனப்போ அழுதுக்கிட்டு இருந்தா. நான் சொன்னேன், விடு, நம்மள சந்தேகப்படலைன்னு நல்லதா எடுத்துக்கயேன்னு.

“நல்லதாய்யா? தெருவுல எல்லா ஊட்டையும் சந்தேகப்படறாங்க. எடுக்கவே முடியாத கெழவி ஊட்டுக்கும் சொன்னாங்க. நம்ம ஊட்டை மட்டும் திருடுறதுக்குக்கூடக் கணக்குல சேர்க்கல. அப்ப நாம இந்தத் தெருவு இல்லியா?”

ராத்திரி சோத்தை அப்படியே மூடி வெச்சுட்டோம்.


ஆவணி 9, சனி

மேகமூட்டம்.

ஏட்டு சைக்கிளை மிதிச்சுக்கிட்டு நேரா எங்க தெருவுக்கே வந்துட்டார். கள்ளுக்கடையில யாரோ உளறியிருக்கான். நான் வாசல்ல நின்னு தொப்பியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். ஏட்டு நடுத்தெருவுல சைக்கிளை நிறுத்தி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி: “இன்னாய்யா, உங்க தெருவுல நகை திருட்டாமே? யார் யார் மேல சந்தேகம், சொல்லு. நாலு பேரை இட்டுகினு போய் நாலு சாத்து சாத்துனா கம்மல் தானா வரும்.”

ருக்கு கையில முறத்தோட நிக்கிறா. நாயக்கர் துண்டைத் தோள்லேர்ந்து எடுத்துட்டார்.

தொப்பியைத் தலையில வெச்சுக்கிட்டேன்.

சொன்னேன்: “யாரும் புகார் குடுக்கலீங்க ஏட்டய்யா. கல்யாண ஊட்டுல கைமாறி எங்கயாச்சும் கிடக்கும், கிடைச்சுடும். இது என் தெருவு. எனக்குத் தெரியாம இங்க ஒண்ணும் இல்லீங்க.”

ஏட்டு கிட்ட வந்தார். சத்தம் தாழ்த்தி: “டேய், ஒரு கேஸ் புடிச்சுக் குடு, ஒன் வேலை பெர்மனென்ட்டு. அந்த விசில் கதையை நானும் மறந்துடறேன்.”

“கேஸ் இல்லீங்க.”

“திங்கக்கிழமை பாக்கறேன். அதுக்குள்ள கிடைக்கலேன்னா நானே வந்து ஊடு ஊடா நுழைவேன். மொத ஊடு ஒன்னுது.” போயிட்டார்.

அவங்கவங்க உள்ளே போயிட்டாங்க. கன்னி மட்டும் ஒரு சொம்பு மோரு கொண்டு வந்து பக்கத்துல வெச்சா. உப்பு கொஞ்சம் தூக்கல். கேக்கலை, குடிச்சேன்.


ஆவணி 10, ஞாயிறு

பகல் பூரா தூறல். சாயங்காலம் விட்டுது.

டூட்டி முடிஞ்சு வந்து சட்டையைக்கூட கழட்டலை. விளக்கு வெக்கிற நேரம். ஒவ்வொரு கதவா திறக்கிற சத்தம், போற சத்தம், வர்ற சத்தம். நாங்க ரெண்டு பேரும் உள்ளே சும்மா குந்திக்கிட்டு. கன்னி அரிசி பொறுக்கறா, கல்லே இல்லாத அரிசியை.

கதவைத் தட்டறாங்க.

ருக்கு. பின்னாடி நாயக்கர்.

ருக்கு இடுப்புல கையை வெச்சுக்கிட்டு: “இன்னாடி குந்திகினு கீற? எல்லா ஊட்டு உருண்டையும் வந்துடுச்சு. உங்க ஊட்டுதுதான் பாக்கி.”

கன்னி அரிசியை அப்படியே வெச்சுட்டு எழுந்தா. அப்புறம்: “எங்க மேலயும் சந்தேகமாடி ஒனக்கு?”

“பின்ன? போலீஸ் ஊடுன்னா சும்மா உட்ருவோமா?”

நாயக்கர் தொண்டையைச் செருமினார். “முந்தாநாளே சொல்லியிருக்கணும், தம்பி. என் தப்பு. தெருவுன்னா எல்லா ஊடும்தான்.”

எங்களுக்கு மாடு கிடையாது. கன்னி ருக்கு கையைப் புடிச்சுக்கிட்டு அவ கொட்டகைக்கே ஓடினா. ஓட்டம்னா ஓட்டம். நானும் பின்னாலயே. ரெண்டு கையாலயும் அள்ளி உருட்டறா. போதும்டி போதும்னு ருக்கு கத்தறா. பூசணிக்காய் அளவு ஆயிடுச்சு. அதைத் தூக்க அவளால முடியலை. காக்கிச் சட்டையோட நான்தான் தூக்கிக்கிட்டுப் போனேன். தெரு பூரா பார்த்துச்சு. இருட்டுல மூடிக் கொண்டு போற வழக்கமெல்லாம் எங்க ஊட்டோட போச்சு. பீடி ஒண்ணும் அணையலை.

கரைச்சாங்க. நாயக்கர் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். கம்மல் இருந்தது. ருக்கு தங்கச்சி அழுதா. யாரும் யாரு மூஞ்சியையும் பார்க்கலை. நானும் பார்க்கலை. சத்தியமா பார்க்கலை.


ஆவணி 11, திங்கள்

வெயில், பளிச்சுனு.

இன்னைக்கு: ஏட்டு கிட்ட ‘கிடைச்சுடுச்சு’ன்னு மட்டும் சொல்லணும், எப்படின்னு கேட்டா முழிக்கணும். சட்டையில சாணிக் கறை, போகலை. பூ (மறக்கக் கூடாது).

கன்னி கேக்காமலே வந்து பட்டி முனையை இழுத்துப் புடிச்சா. பாதி கால் சுத்தியாச்சு. வாசல்ல ருக்கு. “அண்ணாத்தே, அந்தக் கம்மலு உங்க ஊட்டு உருண்டையிலதான் இருந்துச்சாமே? தெருவே பேசிகினு கீது.”

“ஆமாண்டி,” கன்னி சொல்றா, “அதான் ஆளு ஜெயிலுக்குக் கெளம்பிகினு கீது. நானே இழுத்துக் கட்டி அனுப்பறேன்.”

ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கலை. கன்னி முனையை விட்டுட்டா. சுத்தினதெல்லாம் அவுந்து தரையில கிடக்கு, திரும்ப முதல்லேர்ந்து சுத்தணும். பரேடுக்கு லேட்.