பாதி வெள்ளைக் கூரை

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். கையில் நீ தைத்த துணிப்பை. உள்ளே தீப்பெட்டி அளவில் அந்த வெப்பம் அளக்கும் பெட்டி. “உங்க சாமான் தானே இது, தையல் ரூமு செவுத்துல தொங்கிகினு கெடந்துச்சி” என்று நீட்டினார். வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். தையல் மெஷின் எண்ணெய் வாசனை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அது இன்னும் போகவில்லை.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ராயபுரம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எதற்குக் கடிதம்? நேரில் சொல்லியிருந்தால் “அட வுடுமே” என்று நீயே என்னைத் தப்பிக்க விட்டிருப்பாய். இப்போது அது முடியாது, அதனால் எழுதுகிறேன்.

என் வேலை உனக்கு எப்போதும் வேடிக்கைதான். வீடு கட்டுகிற இன்ஜினீயர்களுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் பசுமைக் கட்டடப் பயிற்சி நடத்துகிறேன் என்று சொன்னபோது, “கட்டத் தெரிஞ்சவங்களுக்கே கிளாஸா? இன்னாத்த சொல்லிக் குடுப்ப?” என்று கேட்டாய். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் வீடு எவ்வளவு குளிரும் என்று சொல்லிக் கொடுப்பேன் என்றேன். எங்கேயோ எடுத்த படத்தைக் காட்டினால் வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம் ஊர் வெயிலில், நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். எனக்கு உன் வீடு ஞாபகம் வந்தது. கேட்டதும் சரி என்றாய், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இரண்டே அறை. முன்னறைக் கூரைக்கு வெள்ளை அடிப்பது, பின்னறைக் கூரையை அப்படியே விடுவது, அறைக்கு ஒரு பெட்டியை மாட்டி ஒரு மாதம் அளந்து பார்ப்பது. இதுதான் திட்டம். முன்னறையில் கட்டிலும் டிவியும் இருந்தன. விசைப்படகிலிருந்து இறங்கி வந்து உன் வீட்டுக்காரர் பகலெல்லாம் அங்கே தூங்குவார். பின்னறையில் உன் மெஷின். முன்னறையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீ கேட்டதில்லை. தெருவிலிருந்து போட்டோ எடுக்க அதுதான் வாட்டமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பெயின்ட் அடித்து முடித்ததும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாய். “இன்னாமே, பாதி மொட்டை அடிச்சா மாரி கீது” என்று சிரித்தாய். டப்பாவில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. ஒரு மாதம் கழித்து வந்து மிச்சக் கூரைக்கும் அடித்துவிடுகிறேன் என்றேன். “ஒரு மாசந்தானே, ஓட்டிக்கலாம்” என்றாய்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். வெயில் காலத்தில் நீ கோணிச்சாக்கை நனைத்துப் பின்னறைக் கூரைமேல் பரப்புவாய் அல்லவா, அதைப் போடாதே, போட்டால் அளவு கெட்டுவிடும் என்றேன். சரி என்று தலையாட்டினாய்.

அந்த மாதக் கடைசியில் வரைபடம் போட்டேன். நீலக் கோடு முன்னறை, சிவப்புக் கோடு பின்னறை. இரண்டுக்கும் நடுவே கையை நுழைக்கலாம் போல இடைவெளி. பயிற்சியன்று அதைத் திரையில் காட்டியதும் கை தட்டினார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கத் துணிப்பை தைத்து எடுத்துக்கொண்டு நீயும் வந்திருந்தாய். ஏசி தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். டீ இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

“இன்னாத்துக்குமே கை தட்னாங்க?”

“கோடு ரெண்டும் அவ்ளோ தள்ளி இருக்குல்ல, அதுக்கு.”

“அந்தச் செவப்புக் கோடு?”

“அது உன் தையல் ரூமு.”

“அப்ப மேல கீறது நாந்தான்னு சொல்லு” என்று காலரைத் தூக்கிவிடுகிற மாதிரி செய்துகாட்டினாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு மாதம் முடிந்தது. பெட்டியில் பதிந்த கணக்கை எடுக்க வந்தேனே தவிர, பெயின்ட் அடிக்க வரவில்லை. அடுத்த பயிற்சிக்கும் அதே படம் தேவைப்பட்டது. இன்னொரு வெயிலும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன், பாரு என்றாய். மூன்றாவது வெயிலுக்கு அதையும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை. எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது. பின்னறைக்கும் வெள்ளை அடித்துவிட்டால் படத்தில் சிவப்புக் கோடு இருக்காது, கை தட்டலும் இருக்காது.

கடைசியாக நீ போன் செய்தபோது, “எப்பமே வருவ? டப்பா காலுல இடிச்சிகினே கீது” என்றாய். மெஷினுக்கு அடியில் இருந்த பெயின்ட் டப்பாவைச் சொன்னாய். நீ எதையும் நேராகக் கேட்கிறவள் அல்ல. இந்தக் கருத்தரங்கு முடியட்டும், வந்துவிடுகிறேன் என்றேன். கருத்தரங்கில் என் தலைப்பு, வெப்பமும் ஏழைகளின் வீடும்.

வைகாசியில் நீ மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாய். இதயம் என்றார் டாக்டர். வெயில் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னை மூலக்கொத்தளம் மயானத்துக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது எல்லோரும் உன்னைப் பார்த்து அழுதார்கள். நான் கூரையைப் பார்த்தேன். பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

நேற்று உன் வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், வெயில் தாங்காதபோது சாக்காவது போட்டாளா என்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்: “நான் போட்றேன்னேன். டப்பா கீதே, பூசியே வுட்றேன்னும் சொன்னேன். ‘அவ வந்து பெட்டிய எடுக்கட்டும், இல்லாங்காட்டி அவ பாடம் கெட்டுப்பூடும்’னு உங்களத்தான் சொன்னா.” டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம், வலை வேலை கிடக்கிறது என்று காசிமேட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலை பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகி, நான் எட்டிப் பார்க்காத அந்த மூன்றாவது வெயிலைத் திறந்தேன். நனைந்த சாக்கு விழுந்திருந்தால் அன்று மத்தியானம் கோடு இறங்கியிருக்கும். ஒவ்வொரு நாளாகத் தேடினேன். ஒரே ஒரு நாளாவது நீ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன்.

அடுத்த வாரம் ஒரு பயிற்சி இருக்கிறது. இந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டி, இதற்குக் கை தட்டாதீர்கள், இது என் சிநேகிதி என்று சொல்லப்போகிறேன். சாக்கையும் டப்பாவையும் நான் வராததையும் சொல்லப்போகிறேன். இனி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். நீ போன நாள் வரைக்கும் கோட்டைப் பார்த்துவிட்டேன். ஒரு மத்தியானம்கூட இறங்கவில்லை.