டவர் மரத்தில் தொங்கிய போன்

தலைச்சோலை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது, சற்று முன்தான் அப்பாவின் சர்க்கரை அளவைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுக் களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நீயும் அயர்லாந்துக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்பாய். வியாழக்கிழமைக்குப் பிறகு நாம் போனில் பேசியது எதுவும் பேச்சாக இல்லை, நீ அழுகிறாய், நான் கோபப்படுகிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு சிரிக்கப் பார்க்கிறார். அதனால் தாளில் எழுதி, என் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். அப்பாவுடையதும் என்னுடையதும் ஒரே மாதிரிப் போன்கள், நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் சேர்த்து வாங்கியவை. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். முழுவதையும் படித்த பிறகு பதில் சொல், பாதியில் கூப்பிடாதே.

நீ சொல்வதை முதலில் நானே எழுதிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அப்பாவின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவருடைய சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்புகிறது, போன் அதை உனக்கு அனுப்புகிறது, அளவு இறங்கினால் போன் அலற வேண்டும். வியாழக்கிழமை அது அலறவில்லை, அப்பா தோட்டத்துப் பள்ளத்தில் மயங்கிச் சரிந்தார். ஆகவே போன் பழசாகிக் கெட்டுவிட்டது என்கிறாய். நீ உபயோகித்த ஐபோனை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு நீ புதிது வாங்கிக்கொள்வாய், வீட்டில் எல்லோரும் ஒரே வகைக்கு மாறிவிட்டால் அங்கிருந்தே எல்லாவற்றையும் கவனிப்பாய். அப்பா மாற மாட்டேன் என்றால் தோட்டத்துக்குப் போவதை நிறுத்த வேண்டும், அதுவும் முடியாதென்றால் வேலையை விட்டுவிட்டு நீ வந்துவிடுவாய். கடைசியில் சொன்னதை நீ கோபத்தில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீ செய்யக்கூடியவள். அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அடுக்களைக்கு வந்து, ஏம் புள்ள, பாப்பா நெசமாலுமே வந்துருமா, அது படிச்ச படிப்பு என்னாவறது என்று கேட்கிறார், நான் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விடுகிறார்.

வியாழக்கிழமை நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. பழம் பறிப்பு மும்முரமாக நடக்கிறது, நான் வழக்கம்போல் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் காலை பஸ்ஸில் போய்விட்டேன். அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனவர், நடுவில் சாப்பிட வேண்டியதைச் சாப்பிடவில்லை, இந்த வரிசையை முடித்துவிட்டு என்று தள்ளிப் போட்டிருக்கிறார். இங்கே மதியம் ஆகும்போது நீ அங்கே காலையில் எழுந்து பார்த்தாய், சர்க்கரை எண் வரவில்லை, அவரைக் கூப்பிட்டாய். யாரும் எடுக்காமல் திரும்பத் திரும்ப அடித்ததைக் கேட்டு, அவரோடு பழம் பறிக்கும் சென்னம்மாள் மேட்டுக்கு ஏறி எடுத்தாள். நீ பேசியதும் அப்பாவைக் கூவியிருக்கிறாள், பதில் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் செடியில் சாய்ந்து, சட்டை நனைய வேர்த்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, உங்க பாப்பா கூப்புட்டுச்சுங்க என்று உலுக்கினால், பஸ் வந்துருச்சா என்று கேட்டாராம். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது நம் நல்ல காலம். தன் தூக்குப்போசியில் இருந்த வெல்லம் போட்ட வரக்காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள், அதற்குள் மற்றவர்கள் ஜீப் கொண்டுவந்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒண்ணுமில்ல, நீ எதுக்குப் பள்ளிக்கூடத்தை உட்டுட்டு வந்த என்று என்னைத் திட்டினார். நான் பயந்துபோனதை யாரிடமும் காட்டவில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

மறுநாள் அவருடைய போனை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். நீ சொன்னதை நான் அப்படியே நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. போன் ரிப்பேர் செய்யும் தேவசிகாமணி கழற்றிப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா, போன் நல்லாத்தானுங்க இருக்குது, பேட்டரிக்குத்தான் வயசாயிருச்சு, குளுர்ல சார்ஜ் சட்டுனு எறங்குமுங்க, எனக்கும் முட்டி அப்படித்தான், அதுக்காவ என்னைத் தூக்கிப் போட்ருவீங்களா என்றார். பேட்டரியை மாற்றிக்கொண்டேன். ஐபோனுக்கு மாறலாமா என்றதற்கு, மாறுங்க, ஆனா எங்கட்டக் கொண்டாராதீங்க, அதுல கை வெக்க எனக்குத் தெரியாதுங்க, சேலம்தான் எறங்கோணும் என்றார். ஆனால் வியாழக்கிழமை பேட்டரி தீரவில்லை, நீ கூப்பிட்டபோது மணி அடித்ததே. அதுதான் என்னை உறுத்தியது. வீட்டுக்கு வந்து, சர்க்கரை அளவைக் கோடாக வரைந்து காட்டும் ஆப்பில் வியாழக்கிழமைக் கோட்டைப் பார்த்தேன். அப்பா தோட்டத்துக்குப் போனதும் கோடு அறுந்துபோகிறது, சென்னம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியதும் மறுபடி தொடங்குகிறது. கெட்டுப்போன போன் அப்படி ஒழுங்காகக் கெடாது. ஏனுங்க, போன் எங்கே இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். சட்டை ஜோப்புலதான் என்றார். ஜோப்பில் இருந்த போனை எடுக்கச் சென்னம்மாள் ஏன் மேட்டுக்கு ஏறினாள் என்று கேட்டேன். அப்புறம்தான் உண்மையைச் சொன்னார்.

பள்ளத்தில் டவர் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் பறிக்க வருகிறவர்கள் எல்லோரும் மேட்டில் இருக்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தில் பையோடு போனை மாட்டிவிட்டு இறங்குகிறார்கள், டவர் மரம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எது அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுத்து, யாருக்கு என்று கீழே கூவுவார். அப்பாவும் தன் போனை அங்கேதான் மாட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். பாப்பாவுக்கு நம்பர் போவோணுமில்ல, பள்ளத்துல வெச்சிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது, பயந்துக்குது, போன வாரம் அது கூப்புடக் கூப்புடக் கூடையை எறக்கி வெச்சுட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நொம்ப நடந்துட்டேன், அதான் டவர் இருக்கற எடத்துலயே மாட்டிட்டேன் என்றார். டவர் இல்லாவிட்டால் சென்சாரும் வேலை செய்யாது, டவர் இருக்கும் இடத்தில் போன் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்திருக்கிறார். சென்சார் புளூடூத்தில் பேசுகிறது, சில அடிகளைத் தாண்டினால் அதன் குரல் போனுக்கு எட்டாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டிய பிறகும் உனக்கு எண் வரவில்லை, நீ மறுபடி கூப்பிட்டாய், அவர் இன்னும் உயரமான கிளைக்கு மாற்றியிருக்கிறார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பழி போன் மேலயே இருக்கட்டும், அதுக்கு வலிக்காது என்றார். ஆனால் போன்தான் குற்றவாளி என்று நீ முடிவு செய்துவிட்டால் அடுத்த போனும் அந்த மரத்தில்தான் தொங்கும், ஆகவே சொல்கிறேன்.

இன்று காலை அவரோடு நானும் பள்ளத்துக்கு இறங்கினேன். போன் அவருடைய ஜோப்பில் இருந்தபோது, டவர் ஒரு கோடுகூட இல்லாத இடத்தில், எண் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை அளவை உயர்த்தி வைத்துப் பார்த்தேன், போன் அலறியது. பிறகு போனை எடுத்துக்கொண்டு மரம்வரை நடந்தேன், டவர் முழுதாக வந்தது, எண் நின்றுபோனது. திரும்பி அவர் பக்கத்தில் வந்ததும் எண் மறுபடி வரத் தொடங்கியது. உன் போனை வைத்துச் செய்தாலும் இதேதான் நடக்கும். பழைய போன்களைக் காப்பாற்றுவதற்காக நான் வாதாடவில்லை. அந்த ஆப் இவ்வளவு பழைய போனில் வெகுநாள் ஓடாது என்று அறிவிப்பு வந்திருக்கிறது, பார்த்தேன், பறிப்பு முடிந்ததும் புதிது வாங்கியாக வேண்டும். ஆனால் அது அவருக்குப் பழகிய ஆண்ட்ராய்டாகவே இருக்கட்டும் என்கிறேன். உன் ஐபோன் மட்டமானது என்பதால் இல்லை. சர்க்கரை இறங்கும்போது அப்பாவுக்குக் கை நடுங்கும், யோசனை ஓடாது, அந்த நேரத்தில் எங்கே தொடுவது என்று தேடவைக்கும் போன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அவருக்கு உதவாது. கை பழகிய வழியில்தான் போகும். நீ இங்கே விடுமுறைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகப் பழக்கிவிட்டால் அப்போது மாற்றலாம், பார்சலில் வரும் போனை ஏற்க மாட்டேன்.

தோட்டத்தை நிறுத்தச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். அதை நிறுத்தினால் அவர் வேறு விதமாக நோயாளியாவார். அதற்குப் பதிலாக ஏற்பாடு செய்திருக்கிறேன். சென்னம்மாள் இனி அவருக்கு அடுத்த வரிசையில் பறிப்பாள். போன் அலறும் சத்தத்தை அவளைக் கேட்க வைத்தேன், மாட்டுக்கு மணி கட்ற மாதிரி அண்ணனுக்குக் கட்டி உட்டிருக்கறீங்க என்று சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சர்க்கரைப் பொட்டலம் எங்கிட்டயும் ஒண்ணு குடுத்து வைங்க டீச்சர் என்று வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் டவர் மரத்துக்கு வரும்போது தன் போனிலிருந்து எனக்குச் சொல்வாள், நான் உனக்கு எழுதுவேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. நீ கூப்பிட்ட மணிதான் அன்றைக்குச் சென்னம்மாளை மேட்டுக்கு ஏற வைத்தது, அது உண்மை. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, பாப்பாதான் என்னைக் காப்பாத்துச்சு என்று மஞ்சக்குட்டை ஊர்வரை சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். நீ அதை நம்பி இன்னும் அதிகமாகக் கூப்பிடாதே, அவர் உனக்காகப் போனை மறுபடி மரத்தில் மாட்டுவார், நான் எத்தனை தடவை சொன்னாலும் உன் குரலில் பயம் கேட்டால் மாட்டிவிடுவார். அந்த எண் முதலில் அவருக்குச் சேர வேண்டியது, உனக்கு அப்புறம்தான். போன் அவரோடு பள்ளத்தில் இருப்பதால் பகலில் உன் திரை வெறுமையாக இருக்கும், மாலையில் அவர் வீட்டுக்கு ஏறி வந்ததும் எல்லாம் வந்து சேரும். அந்த நேரங்களைத் தாங்கிக்கொள்வது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வகுப்பில் நிற்கும்போது அப்படித்தான் இருக்கிறது. தாங்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடு, அவரைக் கூப்பிடாதே. வேலையை விடுவதைப் பற்றி இனி அவர் காதில் விழும்படி பேசாதே.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு, காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வெளியே போ. சேர்வராயன் சாமி துணையால் நீ நீண்ட ஆயுளோடு, மன நிம்மதியோடு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்ததுதான், நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாவிட்டாலும். ஒன்றை மட்டும் மறக்காதே. திரையில் எண் வராத பகலெல்லாம், போன் அப்பாவின் ஜோப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்.

உன் அம்மா,
சுதாராணி