ஒரு தாயை இரண்டு வீட்டில் குடிவைத்த வரிக்கணக்கு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அறுவை அரங்குச் செவிலியர் (வயது எழுபத்திரண்டு),
பேட்டரிக் கடைக்கு மேல் மாடி, பின்பக்க வாசல்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மூத்த குடிமக்கள் பிரிவு,
வருமான வரி அலுவலகம்.

பொருள்: மூத்தவர்களுக்கான வரிக்கழிவு எனக்கு மறுக்கப்பட்டது – நான் வசிக்காத இரண்டு வீடுகளில் வசிப்பதாகத் தங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்டது – என்னை அங்கிருந்து நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் அறுவை அரங்கில் வேலை பார்த்தவள் நான். சீழ், ரத்தம், வாந்தி எதற்கும் முகம் சுளித்ததில்லை. புதிதாக வந்த டாக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிய நேரங்களில் நான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுவைக் கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அருவருப்பில் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளவும்.

1. ஓய்வூதியத்தோடு, ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் பாதிநேர வேலையும் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒழுங்காக வரி கட்டுகிறேன். சென்ற வருடம் என் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். செலவு முழுவதும் என் சேமிப்பிலிருந்து போனது. எழுபது வயது கடந்தவர்கள் தங்கள் மருத்துவச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலக வாசலிலேயே, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு கிழவன் கிழவி படத்தோடு, எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் நானும் கேட்டேன்.

2. கழிவு கிடையாது, அபராதத்தோடு கட்டு என்று நோட்டீஸ் வந்தது. பிறருடைய பராமரிப்பில் இருப்பவர் தனக்கென்று தனியாகக் கழிவு கேட்க முடியாதாம். என்னைப் பராமரிக்கிற அந்தப் புண்ணியவான் யார் என்று எனக்கே தெரியாததால் நேரில் வந்து கேட்டேன். என் பெரிய மகன், ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு மேலாளர். நான் அவனோடு வசிப்பதாகவும், என் மருத்துவச் செலவை அவனே ஏற்பதாகவும் எழுதிக்கொடுத்துக் கழிவு வாங்கியிருக்கிறான். பெயிண்ட் கடை வைத்திருக்கும் சின்ன மகனும் அதையே எழுதியிருக்கிறான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. இருவருக்கும் ஒரே ஆடிட்டர் என்பது பிறகு தெரியவந்தது.

3. மூட்டு மாற்றியபோது என்னைத் தாங்கிப்பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனவர் வார்டு ஆயா. பெரியவன் கைபேசியில் முகம் காட்டி, ரூமில் ஏசி வேலை செய்கிறதா என்று விசாரித்தான். சின்னவனுக்குக் கடையில் ஸ்டாக் எடுக்கும் நேரம். அதற்காக நான் யாரிடமும் போய் மூக்கைச் சிந்தவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பிள்ளைகள் பார்க்கவில்லை என்பது என் குறை அல்ல; பார்த்ததாக எழுதியதுதான் என் குறை.

4. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். தங்கள் பிரிவு அதிகாரி கோப்பை மூடிவிட்டுச் சிரித்தார். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. ரெண்டு பசங்களும் போட்டி போட்டுக்கிட்டுப் பாக்கறாங்க" என்றார். பக்கத்து மேசை உதவியாளர் டீயில் பிஸ்கட்டை நனைத்தபடியே ஆமோதித்துத் தலையாட்டினார். பிஸ்கட் ஒடிந்து டம்ளருக்குள் விழுந்தது. அதற்கு அவர் பட்ட வருத்தத்தில் கால்வாசிகூட என் கோப்புக்குக் கிடைக்கவில்லை.

5. நான் விடாமல் போய் நின்றதால், நேரில் பார்த்துவர ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள். அவர் இரண்டு மகன்களின் வீட்டுக்கும் போயிருக்கிறார். இரண்டு வீட்டிலும் என் அறையைப் பார்த்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் நான் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருக்கிறேன். பேட்டரிக் கடை மாடிக்கு மட்டும் அவர் வரவில்லை. வந்திருந்தால் நானே கதவைத் திறந்திருப்பேன்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். சின்னவன் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் பெயிண்ட் டின்கள் அடுக்கியிருந்தனவாம். பெரியவன் வீட்டில் இருந்தவை: புது விரிப்புப் போட்ட கட்டில், சுவரில் என் படம், ஒரு கைத்தடி, தண்ணீர் டம்ளரில் பல் செட், ஷேவிங் பிரஷ். ஐயா, எனக்கு இருப்பது எல்லாம் சொந்தப் பற்கள். ஷேவிங் பிரஷ்ஷைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவையும் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, "மேற்படி அம்மையார் இங்கு வசிப்பது உறுதி" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

6. பெரியவன் வீட்டு அறையில் வயதானவர் ஒருவர் வசிப்பது உண்மைதான். அவர் என் மருமகளின் அப்பா. லாரி ஓட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். மனைவி போனபிறகு மகளோடு இருக்கிறார். ஆய்வாளர் வந்த அன்று அவரைப் பக்கத்துத் தெரு சலூனில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். முடி வெட்டி முடித்தும் கூப்பிட ஆள் வரவில்லை. கடைக்காரர் பாவம் பார்த்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். மாலையில் வீடு திரும்பியதும் அவர் எனக்குப் போன் செய்தார். "சம்பந்தியம்மா, உங்க படத்த என் கட்டிலுக்கு மேல மாட்டிட்டுப் போயிருக்காங்க. கழட்டவா, அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. எனக்குத்தான் கூசிப்போயிற்று.

பெரியவன் அவரைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறான். மாத்திரை வாங்கித் தருகிறான், பல் இல்லாத வாய்க்கு ஏற்றபடி சமைக்கச் சொல்கிறான். பெற்ற தாய் என்ற முறையில் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாமனாரைப் பராமரிப்பவருக்குத் தங்கள் விதியில் கழிவு இல்லை, பெற்றவர்களுக்கு மட்டும்தான். ஆகவே வீட்டில் இருக்கிற மனிதரை மறைத்துவிட்டு, இல்லாத ஒருத்தியைக் காட்டியிருக்கிறான். அது திருட்டுத்தான். மகன் என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதில்லை. சின்னவனுக்கோ அந்தச் சாக்கும் கிடையாது.

7. கடைசியாகத் தங்கள் அலுவலகம் ஒரு வழி சொன்னது. "எங்கள் தாயை நாங்கள் பராமரிக்கவில்லை" என்று இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கோப்பு நகருமாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மாற்றிய மூட்டோடு, இரண்டு வீட்டுப் படியும் ஏறினேன். சின்னவன் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பெரியவன் பேனாவைத் திறந்தான், தாளை முழுவதும் படித்தான், பேனாவை மூடிவிட்டான். "இதுல கையெழுத்துப் போட்டா, நாங்க உன்னப் பாக்கலன்னு ஆயிடுமேம்மா" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் நடந்த எதையும்விட அந்தக் கண்ணீர்தான் எனக்கு அதிக அருவருப்பைத் தந்தது. அவன்மேலா, தங்கள் அலுவலகத்தின்மேலா, அதைத் துடைக்கத் தானாக நீண்ட என் கையின்மேலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தேன்.

8. ஆகவே, எனக்கு உரிய கழிவை எனக்கே வழங்கி அபராதத்தை ரத்து செய்யவும், இரு மகன்களின் கணக்கிலிருந்தும் என்னை நீக்கி அவர்கள் வாங்கியதைத் திரும்ப வசூலிக்கவும் வேண்டுகிறேன். மாமனார், மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கழிவு தரும்படி விதியைத் திருத்தத் தாங்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஒரு மனிதர் தன் கட்டிலில் தான் இருப்பதற்காக ஒளிய வேண்டிய நிலை வரக் கூடாது. பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று பிள்ளைகளிடமே எழுதி வாங்கிவரச் சொல்லும் ஈனத்தனத்தை இன்றோடு நிறுத்தவும்.

9. அந்தச் சான்று இல்லாமல் முடியவே முடியாது என்றால், ஒன்று செய்யலாம். வரும் மார்ச் ஒன்பதாம் தேதி காலை எனக்கு இடது முழங்காலில் அறுவை. இரண்டு மகன்களுக்கும் சொல்லிவிட்டேன். உடனிருப்பவர் யார் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அன்று சொல்கிறேன் என்றிருக்கிறேன். தங்கள் ஆய்வாளரை அன்று அங்கே அனுப்புங்கள். அரங்குக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. அது காலியாக இருந்தால் அதையே அவர் எழுதிக்கொள்ளட்டும். தாங்கள் கேட்ட சான்று அதுதான்.

யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் அவன் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வருடக் கழிவை அவனே எடுத்துக்கொள்ளட்டும். நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன்.

இடம்: என் வீடு
நாள்: பிப்ரவரி 12

தவறாமல் வரி கட்டிவரும்,
(கையொப்பம்)

நகல்: பெரிய மகன், சின்ன மகன்.