பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் இதைப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எனக்கு ரொட்டிக்கடை வேலை அப்படியேதான் ஓடுகிறது, மற்றபடி இந்த வீட்டில் எதுவும் அப்படியே இல்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ நாற்பது வார்த்தை சமாதானம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். முழுசாகப் படி.

உன் தங்கை அன்றைக்கு அழுதுகொண்டே உன்னிடம் அரைகுறையாகச் சொன்னதை நான் முழுசாகச் சொல்கிறேன். டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளைக் கூடப் படிக்கிற அந்த நெட்டையன் காரில் ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான், அவன் மாமா கார், ஓட்டினதும் அவன்தான், பக்கத்தில் அவன் கூட்டாளி, அந்தச் சுருட்டைமுடிப் பையன். இவளும் மகாராணி மாதிரி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நிறுத்தி, "இரு, இதோ வந்துடறேன்" என்று சுருட்டைமுடி இறங்கிப் போனான். போனவன் மேசைமேல் இருந்த போன்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, துரத்தி வந்த கடைக்காரரைப் படியில் தள்ளிவிட்டு ஓடிவந்து, பையை ஜன்னல் வழியாக இவள் மடியில் வீசினான். அவன் தொற்றி ஏறியதும் கார் பறந்தது. கடைக்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அந்தக் கை ஓடினால்தான் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு. இந்த மகராசி என்ன செய்தாள், அடுத்த சிக்னலில் இறங்கினாளா? பையைக் காரிலேயே வைத்துவிட்டு நம் தெருமுனையில் இறங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால், "நான் ஒண்ணும் பண்ணலைம்மா, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்கிறாள். அந்தச் சும்மாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டபோது நான் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நான் வீட்டுக்கு ஓடிவருவதற்குள் அவள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நீயும் பெரிய வக்கீல் மாதிரி, "தூங்கிட்டேன்னு சொல்லிடு, எதுவும் தெரியாதுன்னு சொல்லு, விட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஸ்டேஷனில் போய் அவள் அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பெண் இன்ஸ்பெக்டர் கோபப்படக்கூட இல்லை, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். எதிர்க்கடை கேமராவில் எல்லாம் இருக்கிறது, இவள் கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பை வந்து விழுந்ததும் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறாள். "தூங்கற பொண்ணு இப்படித்தான் பிடிப்பாளாம்மா?" என்று கேட்டார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

காரில் உட்கார்ந்திருந்தது மட்டுமே குற்றமாகாது என்கிறார் இவளுக்காக நாங்கள் வைத்திருக்கிற வக்கீலம்மா. அவன் திருடப்போவது தெரியாது, பை மடியில் விழுந்தது, பயத்தில் பிடித்துக்கொண்டேன், பயத்தில்தான் வீட்டிலும் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பெரும்பாலும் சாட்சியாகத்தான் வைத்திருப்பார்களாம். பொய் சொன்னதால், எல்லாம் தெரிந்தே போனவள், இப்போது மறைக்கிறாள் என்று அவளையும் உடந்தையாகச் சேர்த்துவிட்டார்கள். மருந்தாளர் படிப்பு படிக்கப்போகிறேன் என்று நிற்கிறவள், திருட்டு வழக்கில் பேர் நின்றுவிட்டால் இவளை நம்பி மருந்துக்கடைச் சாவியை யார் கொடுப்பார்கள்? நெட்டையனின் அம்மா கடைக்கே வந்து, "உங்க பொண்ணு மடியிலதானே பை இருந்துச்சு" என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டுப் போனாள், போகும்போது மறக்காமல் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனாள். அப்பா அந்தக் காலோடு கடைக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனார். அவர் திட்டவில்லையாம். "நான் விழுந்து கிடந்ததை உங்க பொண்ணு பார்த்துச்சு சார், இறங்கி வந்து தூக்கியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாராம். அதிலிருந்து அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

திங்கட்கிழமை அவள் நீதிபதி முன்னால் உண்மையைச் சொல்லி வாக்குமூலம் கொடுக்கவேண்டும். தூங்கினேன் என்று சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது என்று வக்கீலம்மா எத்தனை தடவை கேட்டாலும், "யாரும் இல்லை, நானாத்தான் சொன்னேன்" என்கிறாள். இதை யாரும் நம்பமாட்டார்கள், அந்தப் பையன்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்று பேரும் ஒரே கூட்டம் என்றுதான் நினைப்பார்கள் என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டில் துணி காயப்போடும்போது நான் போட்டு உலுக்கியதில்தான் உன் பேர் வெளியே வந்தது. "அண்ணாவுக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாகப் போகுதும்மா, போலீஸ் விசாரணைன்னு வந்தா போயிடும், சொல்லிடாதே, நான் பாத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பார்த்துக்கொள்கிறாளாம். கேட்கிறேன், அவள் பேரையும் வழக்கில் சேர்த்தது தெரிந்த பிறகாவது, நான்தான் சொன்னேன் என்று நீ யாரிடமாவது வாயைத் திறந்தாயா? அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்ற தைரியம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை வேலைக்குப் போகாமல் வக்கீலம்மாவிடம் போய் நானே சொல்லிவிட்டேன். உன் பேர், விலாசம், போன் நம்பர், எல்லாம் கொடுத்துவிட்டேன். "உங்க பையனுக்கும் இதுல சங்கடம் வரலாம், யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். வெளியே வந்து அவர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து அழுதேன், நீயும் நான் பெற்ற பிள்ளைதானே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பெற்ற வயிறு வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது. வக்கீலம்மா நாளைக் காலையில் உன்னைக் கூப்பிடுவார். அதற்குள் நீ உன் தங்கையைக் கூப்பிட்டு, நீயாகவே முன்வந்து உண்மையைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிடு. நான் முந்திக்கொண்டது அவளுக்குத் தெரியவேண்டாம்.

கோபம் ஆறாத,
அம்மா