முழங்கால் வரை ஒரு கால்சட்டை

ஆர்ஹுஸ், செப்டம்பர் 3

அன்பு மெர்லே,

நலமா? நீ தூ கடற்கரையில் இருக்கும் அந்தப் பள்ளியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. கதவை அறைந்து சாத்த ஆளில்லை. போனை வாங்கிப் பூட்டி வைக்கும் பள்ளி என்று தெரிந்துதானே சேர்ந்தாய்? இந்த வயதில் என்னை மறுபடியும் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாய்.

பார்சலில் கறுப்பு ரொட்டி இருக்கிறது. கடல் காற்றுக்குக் காதை மூடும் தொப்பியும் வைத்திருக்கிறேன். போட மாட்டாய், தெரியும். அடியில் இருப்பது இந்தப் பருவத்துக்கான நம் ஓட்டப்பந்தயக் கிளப் உடை. அதே அடர் நீலம், அதே சின்ன மேல்சட்டை, அதே குட்டைக் கீழாடை. ஆனால் துணி புதிது. உடம்பில் இருப்பதே தெரியாதாம். கால் நீளமானவர்களுக்குத்தான் இது எடுப்பாக இருக்கும், என்னைப் போன்ற குட்டைகளுக்கு இல்லை என்று கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் உன்னை நினைத்துத்தான் சிரித்தார்கள்.

ஜூன் மாத ரிலேயைப் பற்றி இனி பேச வேண்டாம். மற்ற மூன்று பெண்களும் அதை விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஷூவை எடுத்து வா. ஜனவரியில் தேர்வு ஓட்டம். பயிற்சியாளராகச் சொல்கிறேன், உன் இடத்தில் ஓட இங்கே எவளும் இல்லை. அம்மாவாகச் சொல்வதென்றால், ஒழுங்காகச் சாப்பிடு.

அம்மா


தூ, செப்டம்பர் 15

அன்புள்ள அம்மா,

ரொட்டி வந்த அன்றே தீர்ந்துவிட்டது. என் அறையில் இருக்கும் ஆனெமெட்டே பாதியைத் தின்றாள், உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நம்பு.

உடையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு அனுப்பவில்லை. அளவு பார்க்கக்கூட மனம் வரவில்லை.

நீ விட்டுவிட்டாய், நான் விடவில்லை அம்மா. உனக்கு அந்த உடை எப்படியோ, எனக்கு எப்படி இருந்தது என்று ஒருமுறை பொறுமையாகக் கேள். ஒவ்வொரு எட்டுக்கும் கீழாடை மேலே ஏறும். வளைவில் ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொள்வேன். ரப்பர் அறுத்த தொடை இடுக்கு குளிக்கும்போது எரியும். மாதவிலக்கு நாளில் போட்டி வந்தால் ஓட்டம் முழுவதும் அந்தத் துணியைப் பற்றிய நினைப்புதான், மூச்சைப் பற்றி நினைக்க நேரமே இருக்காது. நம் டீம் ஈடாவுக்கு அந்தக் குட்டை உடைதான் பிடிக்கும். தொடையில் துணி படபடத்தால் அவளுக்கு எரிச்சல். அது அவள் சௌகரியம். எனக்குக் காற்றோட்டமாக, முழங்கால் வரை தொங்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதில் சரி தப்பு ஒன்றும் இல்லை.

அதே அடர் நீலம்தானே, விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் ஜூனில் அந்தத் தொளதொள கால்சட்டையோடு கோட்டில் போய் நின்றேன். நால்வருக்கும் ஒரே உடை இருக்க வேண்டும் என்று டீமையே நீக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஈடாவிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தும்விட்டாள்.

ஆனால் திரும்பி வரும்போது காரில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நீ ஒரு ஸ்னெர்பெத். இப்படிப் பொத்திப் பொத்தி நடக்கற ஒருத்தி எனக்கு எங்கேர்ந்து வந்து பொறந்தா?" என்றாய். உடம்பைக் கண்டு கூசுகிறவள் என்பதுதானே அதற்கு அர்த்தம், நம் வீட்டில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள். வேறெதுவும் கேட்கவில்லை.

மெர்லே

ஆனெமெட்டே தன் அண்ணனின் பழைய பருத்திக் கால்சட்டையைக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கு விவசாயம். பையில் கைவிட்டால் இன்னும் மண் வருகிறது. பை உள்ள கால்சட்டை என் ஆயுளில் இதுதான் முதல்.


ஆர்ஹுஸ், செப்டம்பர் 24

அன்பு மகளே,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். காபி ஆறிப்போயிற்று.

நீச்சல்குளத்துக் குளியலறையில் நாலு வயதிலிருந்து எல்லாப் பெண்களோடும் துணியில்லாமல் நின்று குளித்தவள் நீ. பக்கத்துக் கிழவிகளின் தொப்பையைப் பற்றி உரக்கப் பேசி என் மானத்தை வாங்கியவளும் நீதான். அந்தப் பெண் திடீரென்று முழங்காலை மூட வேண்டும் என்றால் எனக்குப் புரியவில்லை. என் அப்பா கண்டிப்பான பிரார்த்தனைக் கூட்டத்துக்காரர். நான் முதன்முதலில் அரைக்கால்சட்டை போட்டு ஓடியபோது ஈஸ்டர் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் கொட்டகையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். என் மகள் தன் உடம்பைக் கண்டு கூசவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்படி வளர்த்தும்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் காரில், கோபத்தில் வந்தது. எல்லா அம்மாக்களும் எதையாவது சொல்கிறார்கள். அதில் திரும்ப எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? துணி அறுத்தால் களிம்பு போட வேண்டும். எங்களுக்கெல்லாம் அறுக்கவில்லையா?

உருளைக்கிழங்கு மண்ணை உதறிவிட்டு ஓடு. ஓடுகிறாய் என்பதே எனக்குப் போதும்.

அம்மா


ஆர்ஹுஸ், நவம்பர் 12

அன்பு மெர்லே,

அக்டோபர் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குகிறார். கோபமா, இல்லை படிப்பு அதிகமா? படிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதைக் கேட்டால் உன் கோபமெல்லாம் பறந்துவிடும். கிளப்பில் பிலிப்பா என்று ஒரு புதுப்பெண், பதின்மூன்று வயது, மான் மாதிரி ஓடுகிறாள். போன வாரம் பயிற்சி முடிந்ததும் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். அந்தச் சின்ன உடை தனக்கு ஒத்துவரவில்லை, நீளமாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாகிவிட்டது. "இதுக்கெல்லாம் பயப்படலாமாம்மா? உனக்கு எது சௌகரியமோ அதைப் போட்டுக்கோ," என்றேன். அன்றைய கமிட்டியிலேயே பேசினேன். நிறம் ஒன்றாக இருந்தால் போதும், நீளம் அவரவர் விருப்பம். போட்டி நடத்துகிறவர்களும் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. இவ்வளவு சுலபம் என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

ஆக, வழி திறந்துவிட்டது. உன் முழங்கால் நீளத்தில் ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன், பை வைத்து. ஜனவரியில் நீ வந்து நின்றால் போதும். கிறிஸ்துமஸுக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. விருந்துக்கு வாத்து வாங்கவா, பன்றி இறைச்சி வாங்கவா?

எங்கேயாவது கிளப்பில் சேர்ந்து ஓடுகிறாயா? எந்தக் கிளப்?

ஆசையோடு,
அம்மா


தூ, டிசம்பர் 1

அம்மா,

கிளப் விதியை மாற்றியது நல்ல காரியம். பிலிப்பாவுக்காக உண்மையாகவே சந்தோஷப்படுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மணல்மேட்டில் போய் வெகுநேரம் அழுதேன். அதனால்தான் பதில் தாமதம்.

அவள் ஒருமுறை கேட்டாள். நான் இரண்டு வருஷம் கேட்டேன் அம்மா. சமையலறையில் கேட்டேன், காரில் கேட்டேன், உடைக்கு அளவு எடுத்த அன்று உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நீ சிரித்தாய், பழகிவிடும் என்றாய். அவளிடம் சொன்னாயே, உனக்கு எது சௌகரியமோ என்று, அந்த வார்த்தை உன் வாயில் இருந்திருக்கிறது. அது உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் உன்மேல் கோபப்படாமல் இருந்தேன்.

தாத்தாவோடு நீ போட்ட சண்டையைப் பற்றி எழுதியிருந்தாய். நீ கழற்றுவதற்காகச் சண்டை போட்டாய், நான் போட்டுக்கொள்வதற்காக. உன் மகளுக்கு மட்டும் அது ஏன் வெட்கக்கேடாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லையும் நீ இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஆனெமெட்டே வீட்டுக்குப் போகிறேன். வாத்தோ பன்றியோ, ஒரு ஆளுக்கு வேண்டிய அளவு வாங்கு. உன்னை வெறுக்கவில்லை. உன்னைப் பற்றி இவர்கள் கேட்கும்போதெல்லாம் நல்லதுதான் சொல்கிறேன், அதில் பொய் எதுவும் இல்லை.

ஓடுகிறேன். இங்கே ஊர்ப் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். ஒருத்தி தன் வீட்டுக்காரரின் பைஜாமாவில் வருகிறாள். வசந்தத்தில் ஒரு போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறேன். எந்தக் கிளப், எந்த ஊரில் ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ முடிவுக் கோட்டில் வந்து நிற்பாய். உன் முகத்தைப் பார்த்ததும் என் கால் உனக்காகத் தானாக வேகமெடுக்கும். அது எனக்கு இனிமேல் வேண்டாம்.

மெர்லே